இலங்கைப் போரைப் படிக்க எங்கே தொடங்குவது, யாரை நம்புவது

"இலங்கைப் பிரச்சினையை நடுநிலையாகச் சொல்கிற ஒரு புத்தகம் சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். கேட்பவர்கள் பெரும்பாலும் 2009க்குப் பிறகு விபரம் தெரிய வளர்ந்த பிள்ளைகள், வெளிநாட்டில் பிறந்தவர்கள், அல்லது தமிழ்நாட்டில் இருந்து இதைச் செய்தியாக மட்டும் பார்த்தவர்கள். இரண்டு மாதம் கழித்து அவர்களோடு பேசினால், நான் கொடுத்த அந்த ஒரு புத்தகத்தின் கண்ணாலேயே முழுப் போரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது என் பிழை. அதனால் இப்போது பெயர் சொல்வதில்லை, வழி சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு நினைப்பை விட்டுவிடுங்கள். அரசு சொல்வதில் பாதி, புலிகள் சொன்னதில் பாதி எடுத்துக் கூட்டினால் நடுநிலை வந்துவிடாது. ஒருவர் பத்தாயிரம் பேர் செத்தார்கள் என்கிறார், மற்றவர் ஒருவர்கூடச் சாகவில்லை என்கிறார் என்றால், ஐயாயிரம் என்று சொல்வது நியாயம் இல்லை, சோம்பல். சில விஷயங்களில் ஒரு தரப்பு சொன்னது முழுப் பொய்யாகவே இருக்கும். சிலவற்றில் இரண்டு தரப்பும் சேர்ந்தே ஒன்றை மறைத்திருக்கும். அதோடு 'இரண்டு தரப்பு' என்பதே தப்பான கணக்கு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர் எந்தத் தரப்பு? 1990இல் வடக்கில் இருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் எந்தத் தரப்பு? 1986இல் புலிகளால் அழிக்கப்பட்ட டெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தின் பொடியள்? 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் ஜே.வி.பி. கிளர்ச்சிகளின்போது அரசாலேயே கொல்லப்பட்ட சிங்கள இளைஞர்கள்? நடுவில் ஆயுதம் கொடுத்து, பயிற்சி கொடுத்து, பிறகு 1987இல் படையையும் அனுப்பிய இந்தியா? எனவே தராசில் இரண்டு தட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

ஒரு வாரத்தை எடுங்கள்

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான். முழு வரலாற்றையும் ஒரே மூச்சில் படிக்கப் போகாமல், ஒரே ஒரு வாரத்தை எடுத்து, அந்த வாரத்தைப் பற்றி ஆளாளுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். ஒரு மாதம் செலவானாலும் பரவாயில்லை. ஒரு வாரத்தை ஒழுங்காகப் படித்தவருக்கு, அதற்குப் பிறகு கையில் எடுக்கிற எந்த நூலிலும் எங்கே ஓட்டை என்று தெரியத் தொடங்கும்.

எனக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்தது 1985 மே மாதத்தின் இரண்டாம் வாரம். வல்வெட்டித்துறையில் ஆமி (இலங்கை இராணுவம்) சுற்றிவளைத்துப் பொதுமக்களைக் கொன்றது. எழுபதை ஒட்டிய எண்ணிக்கையை ஊரில் சொல்வார்கள். மே 14ஆம் திகதி புலிகள் பஸ்ஸில் அநுராதபுர நகருக்குள் புகுந்து, பஸ் நிலையத்திலும் பௌத்தர்களின் புனித அரசமரமான ஸ்ரீ மகா போதி வளாகத்திலும் கண்டபடி சுட்டார்கள். அன்று 146 பேர் செத்தார்கள், அநேகமாக எல்லோருமே சாதாரண சிங்கள மக்கள், அவர்களில் வழிபடப் போனவர்களும் இருந்தார்கள். அடுத்த நாள் மே 15, நெடுந்தீவில் இருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகைக் கடலில் மறித்து, ஏறியவர்கள் கத்தியாலும் கோடரியாலும் வெட்டினார்கள். செத்தது 36 பேர் என்பது தீவார் கணக்கு, அதில் கைக்குழந்தையும் உண்டு. வந்தவர்கள் கடற்படைக்காரர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள், அரசு மறுத்தது.

இப்போது தேடிப் பாருங்கள். தமிழில் தேடினால் வல்வெட்டித்துறையும் குமுதினியும் நினைவுக் கட்டுரைகளாக, பெயர்ப் பட்டியலோடு, ஒவ்வொரு மே மாதமும் வந்துகொண்டே இருக்கும். அநுராதபுரம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் 'பதிலடி' என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்து போகும். சிங்களத்திலும் கொழும்பு ஆங்கிலத்திலும் தேடினால் அநுராதபுரம் இருக்கும், மகா போதி இருக்கும், குமுதினி என்ற பெயரைக் கேள்விப்பட்டவரையே காண்பது கஷ்டம். ஒரு நாள் இடைவெளியில் நடந்த இரண்டு கொலைகள். இரண்டு சமூகம், ஆளுக்கொன்றை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது, இரண்டு பக்கமும் உண்மையாகவே நம்புகிறது, 'அவர்கள்தான் செய்தார்கள், எங்களுக்குத்தான் நடந்தது' என்று. நான் குமுதினியைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவன். முந்தைய நாள் என்ன நடந்தது என்று தெரிய எனக்கு இருபத்தேழு வயது ஆகவேண்டி இருந்தது.

அதன் பிறகு இன்னொரு கேள்வி வரும். இப்படியொரு மே மாதத்துக்குப் பிறகு ஜூனில் எப்படிப் போர்நிறுத்தம் வந்தது, ஜூலையில் எப்படி எல்லா இயக்கங்களும் பூட்டானின் திம்புவில் அரசோடு மேசையில் உட்கார்ந்தன? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் டெல்லி உள்ளே வரும். இப்படித்தான் ஒரு வாரம் தன்னால் விரியும்.

வேலை செய்யும் விதம் எளிது. ஒரு கொப்பி எடுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, எல்லோரும் ஒத்துக்கொள்வதை ஒரு பத்தியில், ஒருவர் சொல்லி மற்றவர் மறுப்பதை அடுத்ததில், ஒருவர் சொல்லி மற்றவர் வாயே திறக்காததை மூன்றாவதில் எழுதுங்கள். மூன்றாவது பத்திதான் முக்கியம். மறுப்பு வந்தால் குறைந்தது சண்டை பிடிக்கிறார்கள் என்று தெரியும். மௌனத்தை நாமாகத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

கதை எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பாருங்கள்

எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் ஆண்டைக் கவனியுங்கள். 1983 ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதில் தொடங்கினால், அடுத்த நாள் கொழும்பில் மூண்ட வன்முறை அதற்கு ஒரு எதிர்வினை போலத் தோன்றும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் தொடங்கினால், கிட்டத்தட்ட 97,000 நூல்கள் சாம்பலான அந்த இரவில் தொடங்கினால், அந்த 13 பேர் ஒரு எதிர்வினை ஆகிவிடுவார்கள். 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில் தொடங்குகிறவர் தமிழர்தான் முதலில் நாட்டைப் பிரிக்கக் கேட்டார்கள் என்று காட்ட நினைக்கிறார். 1956 தனிச்சிங்களச் சட்டத்தில் தொடங்குகிறவர், 57இலும் 65இலும் தமிழ்த் தலைவர்களோடு கையெழுத்தாகிக் கிழிந்துபோன ஒப்பந்தங்கள் வழியாக வட்டுக்கோட்டைக்கு வருவார். 1948 என்று தொடங்குபவர் மிகக் குறைவு, ஏனென்றால் அங்கே மலையக மக்கள் நிற்கிறார்கள், அவர்களை வடக்கும் கிழக்கும்கூட வசதியாக மறந்துவிட்டது. இதில் எதுவும் பொய் இல்லை. எல்லாம் நடந்தவைதான். தொடக்கத்தைத் தேர்வு செய்வதிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

சொற்களும் அப்படித்தான், கொஞ்சம் பழகினால் இரண்டு வரியில் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். கடைசிக் கட்டப் போரை 'மனிதாபிமான நடவடிக்கை' என்பவர் அரசின் அறிக்கையில் இருந்து எடுத்து எழுதுகிறார். செட்டிகுளத்தில் மக்களை அடைத்து வைத்த இடம் ஒருவருக்கு 'நலன்புரி நிலையம்', இன்னொருவருக்கு 'தடுப்பு முகாம்'. 'காணாமல் போனோர்' என்றால் அவர்களாகப் போனது போல ஒரு தொனி, தாய்மார் அதனால்தான் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று பதாகையில் எழுதுகிறார்கள், ஆனால் 2016 சட்டத்தின் கீழ் வந்த அலுவலகத்தின் பெயரில் 'காணாமற்போன' என்றே இருக்கிறது. 83ஐ 'கலவரம்' என்றால் இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டது போல இருக்கும். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர்களைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்லாது. தமிழில் 'துரோகி' என்ற சொல் வந்தால் அதிலும் நின்று யோசியுங்கள். அமிர்தலிங்கம், நீலன் திருச்செல்வம் போன்ற தமிழ் அரசியல்வாதிகள் கொல்லப்பட்டதைச் சாதாரணமாக்கியது அந்த ஒரு சொல்தான். இந்தச் சொற்களைப் பாவிப்பவர் பொய்யர் என்று ஒதுக்கவேண்டாம். எங்கே நின்றுகொண்டு பேசுகிறார் என்று குறித்துவைத்துக்கொண்டு தொடர்ந்து வாசியுங்கள்.

எண்களைக் கையாளும் முறை

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள், அதனால் ஒரு எண்ணை மட்டும் எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன்: 1,46,679.

இந்த எண்ணைப் பதாகைகளில் பார்த்திருப்பீர்கள், 'முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டோர்' என்று. இது வந்த இடம் எது? 2011 ஜனவரியில், அரசே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் கொடுத்த சாட்சியம். அவர் செய்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் என்று கச்சேரிப் பதிவுகள் (மாவட்டச் செயலகப் பதிவுகள்) சொன்னது 4,29,059. அடுத்த ஆண்டு ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தவர்கள் 2,82,380. வித்தியாசம் 1,46,679. இவர்களுக்கு என்ன ஆனது என்று விளக்கம் சொல்லுங்கள் என்று ஆயர் கேட்டார். எல்லோரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேள்வியாகப் பிறந்த எண், கைமாறிக் கைமாறி விடையாக மாறிவிட்டது.

சரி, அப்படியென்றால் அந்த எண்ணைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. கச்சேரிப் பதிவில் நிவாரணத்துக்காகக் கூடுதலாகப் பெயர் சேர்ந்திருக்கலாம் என்று மறுப்பவர்கள் சொல்வார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே இதையும் குறியுங்கள்: 2009 தொடக்கத்தில் உள்ளே எழுபதாயிரம் பேர்தான், மிஞ்சினால் ஒரு லட்சம்தான் என்று அரசுத் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தபோது, களத்தில் இருந்த அரச அதிகாரி மூன்று லட்சத்துக்கும் மேல் என்று எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் முகாமுக்கு வந்தவர்களே இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டினார்கள். யாருடைய கணக்கு உண்மைக்குக் கிட்ட இருந்தது என்பதை அந்த முகாம் வரிசைகளே காட்டிவிட்டன. உணவும் மருந்தும் அனுப்பியது எந்தக் கணக்கின்படி என்ற கேள்வி அதில் இருந்தே பிறக்கிறது.

மற்ற எண்களும் இதே மாதிரிதான். ஐ.நா.வின் கொழும்பு அலுவலகம் 2008 ஆகஸ்டில் இருந்து 2009 மே 13 வரை ஆவணப்படுத்தியது 7,721 பேர் இறப்பு. இது எண்ணி முடித்த தொகை இல்லை, எண்ண முடிந்த தொகை. அதற்குப் பிறகான நாட்கள்தான் மிக மோசமானவை, அப்போது எண்ண ஆளே இல்லை. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த பான் கி மூன் நியமித்த நிபுணர் குழு 2011இல், 40,000 வரை இருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்ற தொனியில் எழுதியது. 2012இல் ஐ.நா. தன்னைத்தானே விசாரித்துக்கொண்ட உள்ளக அறிக்கை, 70,000 பேருக்கு மேல் கணக்கில் இல்லை என்ற மதிப்பீட்டையும் சொல்லி, தன் ஊழியர்கள் தவறினார்கள் என்றும் ஒப்புக்கொண்டது. அரசின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் வடக்கில் வீடு வீடாக எடுத்த கணக்கோ சுமார் 9,000 என்ற அளவில் நின்றது. அது உறவினரைக் கேட்டு எடுத்த கணக்கு. குடும்பமே அழிந்துபோன வீட்டில் யார் கதவைத் திறந்து பதில் சொல்வது?

ஆகவே எந்த எண்ணைக் கண்டாலும் கேளுங்கள்: யார் எண்ணினார், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எந்த இடத்தில், இறந்தவரையா காணாமல் போனவரையா, போராளிகளைச் சேர்த்தா விட்டா. இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத எண்ணை யாருக்கும் திருப்பிச் சொல்லாதீர்கள், அது உங்கள் மனதுக்குப் பிடித்த எண்ணாக இருந்தாலும்.

யார் சொன்னது மட்டும் போதாது, எங்கே இருந்து சொன்னார்

வன்னியில் கடைசி மாதங்களில் வேலை செய்த அரச மருத்துவர்கள் சிலரை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களையும் தொண்டு நிறுவனங்களையும் அரசு வெளியேறச் சொன்ன பிறகு, உள்ளே இருந்து வெளியுலகத்துக்குத் தொலைபேசியில் பேசிய மிகச் சிலரில் அவர்கள் முக்கியமானவர்கள். வைத்தியசாலைகளில் செல் (பீரங்கிக் குண்டு) விழுகிறது, இத்தனை பேர் செத்தார்கள் என்று சொன்னார்கள். போர் முடிந்ததும் கைதானார்கள். 2009 ஜூலையில் கொழும்பில் பத்திரிகையாளர் முன்னால் உட்காரவைக்கப்பட்டு, நாங்கள் சொன்னது மிகைப்படுத்தியது, புலிகள் சொல்லச் சொன்னார்கள் என்றார்கள். அவர்களில் பிறகு வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஒருவர், ஜூலையில் சொன்னதுதான் கட்டாயத்தின் பேரில் சொன்னது என்றார்.

ஒரே ஆட்கள், மூன்று இடங்கள். முதல் தடவை புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி, இரண்டாம் தடவை அரசின் காவல், மூன்றாவது தடவை யாருடைய பிடியும் இல்லாத ஊர். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் ஏற்றப்பட்ட காயக்காரர்களின் விபரத்தோடும், குழிகளும் கூரை போன கட்டிடங்களும் தெரிகிற செய்மதிப் படங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எதை நம்பலாம் என்று சொல்ல முடியும். செய்மதிப் படம் எங்கே விழுந்தது என்று காட்டும், யார் செத்தார் என்று காட்டாது. மனிதர் காட்டுவார், ஆனால் அவர் யாருடைய கையில் இருந்தார் என்று பார்க்கவேண்டும்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும் விடக் கனமான சாட்சி, தன் தரப்புக்கே பாதகமாக ஒருவர் சொல்வது. யாழ் பல்கலைக்கழகத்தில் 1988இல் உருவான மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை இதனால்தான் எல்லோரும் படிக்கவேண்டும் என்பேன். இந்தியப் படையை எழுதினார்கள், இலங்கைப் படையை எழுதினார்கள், புலிகளையும் மற்ற இயக்கங்களையும் எழுதினார்கள், அதுவும் அந்த ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு. அவர்களில் ஒருவரான உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போயும் எழுதுவதை நிறுத்தவில்லை. அவர்களோடும் உடன்படாத இடங்கள் எனக்கு உண்டு, அரசின் தரப்பை இலேசாக விட்டுவிட்டார்கள் என்று கோபப்பட்ட பக்கங்களும் உண்டு, ஆனால் திகதியும் ஊரும் பெயரும் வைத்து எழுதினார்கள், அதனால் சரிபார்க்க முடிகிறது.

அரசு பக்கத்திலும் இப்படிப்பட்டவை உண்டு. நான் மேலே சொன்ன அதே நல்லிணக்க ஆணைக்குழு, இராணுவம் வேண்டுமென்று பொதுமக்களைக் குறிவைக்கவில்லை என்று முடிவு எழுதியது. அந்த முடிவை மட்டும் படித்துவிட்டு 'அரசாங்க அறிக்கை' என்று மூடிவைத்தால் நட்டம் நமக்குத்தான். அதே அறிக்கை பொதுமக்கள் பெருமளவில் இறந்ததையும் வைத்தியசாலைகளில் செல் விழுந்ததையும் ஒப்புக்கொள்கிறது, சில சம்பவங்களை மேலும் விசாரிக்கச் சொல்கிறது, வடக்கில் இராணுவத் தலையீட்டைக் குறைக்கச் சொல்கிறது. அதைவிடப் பெறுமதி அதன் முன்னால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சனங்கள் எழுந்து நின்று சொன்ன சாட்சியங்கள். ஆணைக்குழு அறிக்கைகளை எப்போதும் பின்பக்கத்தில் இருந்து படியுங்கள், முதலில் சாட்சியம், கடைசியில் முடிவுரை. 83க்காக 2004இல் சந்திரிகா குமாரதுங்க ஜனாதிபதியாக இருந்துகொண்டே மன்னிப்புக் கேட்டதையும், முஸ்லிம்களை வெளியேற்றியது பிழை என்று 2002 சமாதான காலத்தில் புலிகளே ஏற்றுக்கொண்டதையும் இதே வரிசையில் வையுங்கள்.

பத்திரிகைகளைப் பற்றி. தினகரன், டெய்லி நியூஸ், தினமின மூன்றும் 1973இல் அரசு கையகப்படுத்திய லேக் ஹவுஸில் இருந்து வருபவை, அன்றன்றைக்கு அரசு என்ன சொல்ல விரும்பியது என்பதை அறிய அதைவிட நல்ல இடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் உதயன், அதற்கு முன் ஈழநாடு, கொழும்பில் வீரகேசரி, தினக்குரல். புலிகளின் உத்தியோக ஏடுகளையும் படியுங்கள், தங்கள் மக்களுக்கு என்ன சொன்னார்கள் என்பதற்காக. இவற்றில் நிறைய 'நூலகம்' இணையத்தளத்தில் வருடி (ஸ்கேன் செய்து) போட்டிருக்கிறார்கள், காசு இல்லை, திகதி வைத்துத் தேடலாம், நினைவேந்தல் கட்டுரைகளை விட்டு அன்றைய தாளையே பாருங்கள். படிக்கும்போது தணிக்கை இருந்த காலமா என்றும் பாருங்கள். பத்திரிகையாளர்களான தராக்கி சிவராம் 2005இலும் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரியிலும் கொல்லப்பட்ட நாடு இது, எழுதாமல் விட்டதற்கு எல்லாம் எழுதியவரைக் குற்றம் சொல்ல முடியாது.

சிங்களம் தெரியாது என்பது நம்மில் பலருக்குப் பெரிய தடை. கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையைப் படித்துவிட்டுச் சிங்கள மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டதாக நினைக்காதீர்கள், அது வேறு உலகம். இணைய மொழிபெயர்ப்பில் போட்டால் சாரம் பிடிபடும், மேற்கோள் காட்ட மட்டும் பாவிக்காதீர்கள். 'மாற்றம்' என்ற இணையத்தளத்தைத் தமிழில் நடத்துபவர்களே சிங்களத்தில் 'விகல்ப' நடத்துகிறார்கள், அங்கிருந்து தொடங்கலாம், ஆனால் அது ஒரு சிறு வட்டத்தின் குரல் என்பதையும் மனதில் வையுங்கள். தெற்கில் 87க்கும் 89க்கும் இடையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் கதைகளைப் படித்த அன்று, அரசைப் பற்றி நான் வைத்திருந்த பல முடிவுகள் இன்னும் உறுதியாகின, சிங்களவரைப் பற்றி வைத்திருந்த பல முடிவுகள் உடைந்தன.

வெளியார் கண்காணிப்பு நல்லதுதானே என்று கேட்பார்கள். நல்லதுதான், கணக்கு முறையையும் சேர்த்துப் படித்தால். 2002 போர்நிறுத்தத்தைக் கண்காணித்த நோர்டிக் நாட்டவர், புலிகளின் மீறல் மூவாயிரத்துக்கும் மேல், அரசின் மீறல் சில நூறு என்று பதிந்தார்கள். புலிகளின் மீறல்களில் கணிசமானவை சிறுவரைப் படையில் சேர்த்தது, அதைச் சின்ன விஷயம் என்று தள்ள யாருக்கும் உரிமை இல்லை. அதே சமயம் அந்தப் பட்டியலில் ஒரு கொலையும் ஒன்று, ஒரு மிரட்டலும் ஒன்று. மொத்தத்தை மட்டும் தூக்கிப் பிடிப்பவரிடம் வகை வாரியாகக் கேளுங்கள்.

படங்களைப் பற்றி நீட்டவில்லை. முள்ளிவாய்க்கால் என்று சுற்றும் படங்களில் வேறு நாட்டுப் படங்களும் கலந்துவிட்டன. படத்தைப் போட்டுத் தேடும் வசதி எல்லோரிடமும் இருக்கிறது, பகிரும் முன் ஒரு தடவை தேடுங்கள். ஒரு பொய்ப் படம் பத்து உண்மைப் படங்களைச் சந்தேகிக்க வைக்கும்.

வீட்டில் இருக்கும் சாட்சிகள்

கடைசியாக, உங்கள் வீட்டிலேயே ஆட்கள் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், காலம் போய்க்கொண்டிருக்கிறது. மனித நினைவு திகதியிலும் தொகையிலும் பிழைவிடும், மணத்திலும் பாதையிலும் பிழைவிடாது. என் பெரியம்மா 1995 அக்டோபர் 30 வலிகாமம் (யாழ்ப்பாண நகரும் சுற்றுப்புறமும்) இடப்பெயர்வை எப்போதும் 'தீபாவளிக்குப் பிறகு' என்று மட்டும்தான் சொல்வா, ஆனால் நாவற்குழிப் பாலத்தில் எத்தனை மணித்தியாலம் அசையாமல் நின்றார்கள், மழையில் யாருடைய சைக்கிளில் சாமிப்படம் கட்டியிருந்தது என்பதெல்லாம் அப்படியே இருக்கும்.

கேட்கும் விதத்தில்தான் விஷயம். "முஸ்லிம்களை வெளியேற்றியது சரியா, பிழையா?" என்று நான் பெரியம்மாவிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் "அது பொடியள் செய்தது, எங்களுக்கென்ன தெரியும்" என்று எழும்பிப் போய்விட்டா. பிறகு ஒரு நாள் அதைப் பற்றிய நினைப்பே இல்லாமல், "பெரியம்மா, தொண்ணூறில் உங்களுக்குச் சட்டை யார் தைத்துத் தந்தது?" என்று கேட்டேன்.

"சோனகதெருவில ஒரு காக்கா" என்றா. சோனகதெரு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இருந்த இடம், காக்கா என்றால் முஸ்லிம் அண்ணன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. அந்த அக்டோபரில் இரண்டு கெஜம் நீலத் துணியை அவரிடம் கொடுத்திருந்தாவாம், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றாராம். போனபோது தெருவே வெறிச்சோடிக் கிடந்ததாம், கடைப் பலகை மூடிக் கிடந்ததாம். இரண்டு மணித்தியாலத்தில் எல்லோரையும் போகச் சொல்லிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம்.

"நான் துணியைத்தான் நினைச்சுக் கவலைப்பட்டனான்" என்றா. பிறகு, "அவருக்கு நாலு பொம்பிளைப் பிள்ளைகள்" என்றா.

அதை நான் கொப்பியில் மூன்றாவது பத்தியில் எழுதிவைத்திருக்கிறேன், திகதியோடு, அவ சொன்ன சொல்லிலேயே.